அம்மாவுக்காக டிரெய்லர் வாங்கியிருக்கேன்: குலசாமி கோயில்ல ரெண்டு ராத்திரி தங்க என்னென்ன பார்க்கணும்?

செக்கானூரணி மகன்
ஜனவரி 11, இரவு 9.40

எல்லாருக்கும் வணக்கம். வர்ற பிப்ரவரி 15 சிவராத்திரி. எங்க குலசாமி கோயில் பேரையூருக்கு மேக்கே கரிசக்காட்டுக்கு நடுவுல இருக்கு. ஒரு புளியமரம், ஒரு கிணறு, சாமி பீடம், அவ்வளவுதான். பங்காளிக எல்லாம் தார்ப்பாய் கட்டி ரெண்டு ராத்திரி தங்கி, மாசிப்பச்சைங்கிற சாமி கும்பிடு முடிச்சிட்டுத்தான் ஊர் திரும்புவோம்.

அம்மாவுக்கு 71 வயசு. முழங்கால் ரெண்டும் தேஞ்சுபோச்சு. சுகர் இருக்கு, காலையும் ராத்திரியும் இன்சுலின் போடணும். ராத்திரி மூணு நாலு தடவை எந்திரிக்க வேண்டியிருக்கு. காட்டுல இருட்டுக்குள்ள நடக்க முடியாதுன்னு ரெண்டு வருசமா கோயிலுக்கே வரல. கல்யாணம் ஆகி வந்த நாள்ல இருந்து ஒரு சிவராத்திரி விடாத மனுசி. அதனால கோயம்புத்தூர்ல ஒருத்தர் வச்சிருந்த 12 அடி டிரெய்லரை வாங்கிட்டேன். ஒரு பெரிய கட்டில், சின்ன கக்கூஸ் அறை, சமையல் மேடை, கூரையில காத்துப் போக்கி, 150 ஆம்பியர் பேட்டரி. இழுக்க என்கிட்ட ஸ்கார்பியோ இருக்கு. பதிவுச் சான்று, இன்சூரன்ஸ் ரெண்டும் என் பேருக்கு மாத்தியாச்சு.

இதுவரைக்கும் கார்தான் ஓட்டியிருக்கேன், பின்னால எதையும் கட்டி இழுத்ததில்ல. திருமங்கலம், டி.கல்லுப்பட்டி வழியா போறதாத் திட்டம். அம்மா கட்டில்ல படுத்துக்கிட்டே வந்திரலாம்னு சந்தோசமா இருக்காங்க. ஒரு மாசம் இருக்கு. அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

லாரிப்பட்டறை
ஜனவரி 11, இரவு 10.25

தம்பி, முதல்ல ஒண்ணை முடிவா வச்சுக்கங்க. வண்டி ஓடுறப்ப டிரெய்லருக்குள்ள மனுசர் இருக்கக் கூடாது. அம்மா கார்ல, பெல்ட் போட்டுத்தான் வரணும். அந்தக் கட்டில்ல பிடிமானம் கிடையாது. கார்ல இருக்கிற மாதிரி மோதலைத் தாங்குற கூடும் டிரெய்லர்ல கிடையாது. நீங்க ஒரு பிரேக் அடிச்சா அலமாரி கதவு திறந்து பாத்திரம் மேல விழும். உள்ள இருந்து அவங்க கூப்பிட்டா உங்க காதுக்குக் கேக்காது. இதுல விட்டுக்கொடுக்காதீங்க.

அடுத்தது மூணு கேள்வி. சாமானெல்லாம் ஏத்தின பிறகு மொத்த எடை எவ்வளவு? தண்ணித் தொட்டி அச்சுக்கு முன்னாலயா பின்னாலயா? டயர் எந்த வருசத்துது? பக்கவாட்டுல நாலு இலக்கம் இருக்கும். முதல் ரெண்டு வாரம், அடுத்த ரெண்டு வருசம். டிரெய்லர் டயர் ஓடித் தேயுறதை விட வெயில்ல நின்னு வெடிக்கிறதுதான் அதிகம். டயர் பூ (மேல இருக்கிற வரிப்பள்ளம்) நல்லா இருக்குன்னு நம்பாதீங்க. அஞ்சாறு வருசம் ஆயிருந்தா மாத்திருங்க.

செக்கானூரணி மகன்
ஜனவரி 13, இரவு 8.15

அண்ணே, நன்றி. அம்மாகிட்டச் சொல்லிட்டேன். முகம் வாடிருச்சு, ஆனா சரின்னுட்டாங்க.

எடைமேடையில ஏத்திப் பார்த்தேன். தண்ணி நிரப்பி, பாத்திரம், அரிசி, மெத்தை எல்லாம் வச்சு 950 கிலோ. கார் கையேட்டுல இழுக்கலாம்னு போட்டிருக்கிற எடைக்குள்ளதான் வருது. தண்ணித் தொட்டி 80 லிட்டர், கட்டிலுக்கு அடியில, அச்சுக்குப் பின்னால. டயர் ஏழு வருசத்துது, ரெண்டையும் மாத்தப் போறேன்.

ஆனா நேத்து நாலுவழிச் சாலையில ஒரு ஓட்டம் விட்டுப் பார்த்தப்ப 65 தாண்டினதும் பின்னாலிருந்து யாரோ காரைப் பிடிச்சு இடமும் வலமும் ஆட்டுற மாதிரி இருந்துச்சு. ஒரு ஆம்னி பஸ் தாண்டிப் போனப்ப ஸ்டியரிங்கே கையில நிக்கல. 40க்கு இறங்கினதும் அடங்கிருச்சு. ரொம்பப் பயந்துட்டேன். டயர்தான் காரணமா?

கூண்டுவண்டி
ஜனவரி 14, காலை 6.05

போகி நாள் வணக்கம். எனக்கு 74 வயது. நான் டிரெய்லர் ஓட்டியதில்லை, ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்ததும் எழுதாமல் இருக்க முடியவில்லை.

சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் ஊரிலிருந்து கூண்டு வண்டி கட்டிக்கொண்டு வருவோம். அழகர் ஆற்றில் இறங்குவதைப் பார்த்துவிட்டு வைகைக் கரையிலேயே வண்டியை அவிழ்த்துப் போட்டுச் சமைத்து, வண்டிக்கு அடியில் படுத்துத் தூங்குவோம். பாரம் ஏற்றும்போது அப்பா நுகத்தடியைக் கையால் தூக்கிப் பார்ப்பார். லேசாகத் தூக்க வந்தால், "பின்பாரமா இருக்கு, மூட்டையை முன்னால தள்ளு" என்பார். பின்பாரமாக இருந்தால் நுகம் மேலே எழும்பி மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். ஒரு குழியில் இறங்கினால் வண்டியே பின்னால் சாய்ந்து குடைகவிழும். முன்பாரம் அதிகமானாலும் ஆகாது, மாட்டின் கழுத்து புண்ணாகிவிடும். கழுத்தில் கொஞ்சம் பாரம் உட்கார வேண்டும், அளவோடு.

உங்கள் தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கிறது என்கிறீர்கள். 80 லிட்டர் என்றால் 80 கிலோ. எனக்கென்னவோ உங்கள் வண்டி பின்பாரமாக இருக்கிறது என்றுதான் படுகிறது.

லாரிப்பட்டறை
ஜனவரி 14, காலை 9.30

ஐயா சொன்னதுதான் முழு விசயமும். நான் எப்படி விளக்குறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தேன், ரெண்டே வார்த்தையில முடிச்சிட்டாங்க.

தம்பி, மொத்த எடையில நூத்துக்கு 10ல இருந்து 15 பங்கு, டிரெய்லரைக் காரோட பூட்டுற கொக்கி மேல உட்காரணும். உங்களுக்கு 95ல இருந்து 140 கிலோ வரைக்கும். அதோட கொக்கி தாங்குற அளவு காருக்கும் கொக்கிக்கும் தனியா போட்டிருப்பாங்க, அதையும் தாண்டக் கூடாது. கொக்கி மேல பாரம் குறைஞ்சா பின்பகுதி ஊசல் மாதிரி ஆடும். வேகம் கூடக் கூட ஆட்டம் தானா வளரும். பஸ் தாண்டும்போது அடிக்கிற காத்து அதைத் தொடக்கி விடும். டயர் பழசா இருக்கிறது தனிக் கேடு, ஆனா ஆட்டத்துக்கு இதுதான் காரணம்.

அளக்கிறது சுலபம். வீட்டுல ஆள் எடை பார்க்கிற மெசின் போதும், ஆனா நேரா வச்சா உடைஞ்சிரும். கெட்டியான பலகை எடுத்து ஒரு முனையை செங்கல் மேலயும் மறு முனையை மெசின் மேலயும் வைங்க, ரெண்டுக்கும் இடையில மூணு அடி. செங்கல்ல இருந்து ஒரு அடி தள்ளி டிரெய்லரோட முன் ஜாக்கி உட்காரட்டும். மெசின் காட்டுறதை மூணால பெருக்குங்க. தரை சமமா இருக்கணும், சக்கரத்துக்கு ரெண்டு பக்கமும் கட்டை போட்டிருக்கணும். பலகையோட எடையை முதல்லயே பார்த்துக் கழிச்சிருங்க.

ஓடும்போது ஆட்டம் வந்தா: ஸ்டியரிங்கை நேரா, இறுக்கமாப் பிடிங்க. ஆக்சிலேட்டர்ல இருந்து காலை மெதுவா எடுங்க. கார் பிரேக்கை மிதிக்காதீங்க, ஆட்டத்துக்கு எதிராத் திருப்பவும் செய்யாதீங்க. வேகம் குறைஞ்சா அடங்கும். வேகம் கூட்டி நிமித்திரலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க. அதை நம்பிக் கவுந்த வண்டியைத் தூக்க நான் போயிருக்கேன்.

செக்கானூரணி மகன்
ஜனவரி 16, மாலை 6.50

அளந்துட்டேன். கொக்கி மேல வெறும் 45 கிலோ! கூண்டுவண்டி ஐயா, நீங்க பார்க்காமலே கண்டுபிடிச்சிட்டீங்க.

தொட்டியைக் காலி பண்ணினதும் 78க்கு வந்துச்சு. பின்னால வச்சிருந்த அரிசி மூட்டையையும் பாத்திரப் பெட்டியையும் முன் இருக்கைக்கு அடியில, தரையோட வச்சுக் கட்டினேன். இப்ப 110. மொத்த எடை 870. மறுபடியும் அதே ரோட்ல போனேன். 65ல ஒரு அசைவு இல்ல. ஆனாலும் 60க்கு மேல போறதில்லைன்னு முடிவு பண்ணிட்டேன். தண்ணியைக் கோயில் கிணத்துல நிரப்பிக்கிறேன்.

பந்திக்கட்டு
ஜனவரி 17, பகல் 2.10

தம்பி, நான் சமையல் ஒப்பந்தம் எடுக்கிறவன். கல்யாணம், காதுகுத்து, டூரிஸ்ட் பஸ் எல்லாத்துக்கும் போவேன். உள்ள சமையல் மேடை இருக்குங்கிறீங்க, வீட்டு சிலிண்டர் ஒண்ணைத் தூக்கி உள்ள வச்சுக்கங்க. அம்மாவுக்கு ராத்திரி வெந்நி, கஞ்சி எல்லாம் உடனே ஆகும். இருபது வருசமா ஓடுற பஸ்லயே சமைச்சிருக்கேன், ஒண்ணும் ஆனதில்ல. ரெகுலேட்டரைச் சரியா மாட்டினா போதும்.

மீனாட்சி பேத்தி
ஜனவரி 17, இரவு 11.30

அண்ணே, உங்க அனுபவத்துக்கு மரியாதை உண்டு. ஆனா இதை அப்படியே விட முடியாது. நான் நர்ஸ், தீக்காயப் பிரிவுல வேலை பார்த்தவள்.

2023 ஆகஸ்ட் 26 விடியக்காலை நம்ம மதுரை ஸ்டேசன் பக்கத்துல நின்ன சுற்றுலாப் பெட்டி ஞாபகம் இருக்கா? உத்தரப் பிரதேசத்துல இருந்து ராமேஸ்வரம், கன்னியாகுமரின்னு யாத்திரை வந்தவங்க. பெட்டியைக் கழட்டி நிறுத்தியிருந்தாங்க. விதியை மீறி உள்ள கொண்டு வந்த சிலிண்டர்ல டீ போடப் போய்த் தீப்பிடிச்சு 9 பேர் செத்துப்போனாங்க. அவங்களும் அதுவரைக்கும் பல ஊர்ல அப்படித்தானே சமைச்சிருப்பாங்க?

எல்.பி.ஜி. காத்தை விடக் கனம். கசிஞ்சா மேல போகாது, தண்ணி மாதிரி தரையில தேங்கும். கூரையில காத்துப் போக்கி இருக்குங்கிறது இதுக்கு உதவாது. 12 அடிப் பெட்டிக்குள்ள கட்டில் உயரத்துக்குக் கீழே நிக்கும், ஃப்ரிட்ஜ் கிளிக்னு ஒரு பொறி விட்டாப் போதும்.

இன்னொண்ணு, இதைத்தான் நான் ரொம்பப் பயந்து சொல்றேன். மாசிப் பனி மச்சைத் துளைக்கும்னு சொல்லுவாங்க. அம்மாவுக்குக் குளிருதுன்னு ஜன்னலெல்லாம் சாத்திட்டு, உள்ள கரியடுப்போ கேஸ் அடுப்போ பத்த வச்சு இதமாக்கிரலாம்னு யாருக்கும் தோணும். அதுல வர்ற கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, நிறம் கிடையாது, கண் எரியாது. லேசாத் தலைவலி, மந்தம், தூக்கம். அப்புறம் எந்திரிக்கிறதில்ல. 2024 டிசம்பர்ல கேரளா வடகரையில ரோட்டோரம் நிறுத்தின கேரவனுக்குள்ள ரெண்டு பேர் இப்படித்தான் இறந்தாங்க. ஏ.சி.க்காக ஓட விட்ட ஜெனரேட்டரோட புகை உள்ள வந்திருக்கு.

தயவுசெஞ்சு ரெண்டு அலாரம் வாங்குங்க. கேஸ் அலாரம் தரையோட ஒட்டி. மோனாக்சைடு அலாரம் தலையணை உயரத்துல. குளிருக்குக் கம்பளி போதும். கூரைப் போக்கியும் எதிர்ப்பக்கம் ஒரு ஜன்னலும் ரெண்டு விரக்கடையாவது திறந்தே இருக்கணும். மூச்சு ஈரம் சுவர்ல வேர்த்துச் சொட்டுறதும் இதனால குறையும். கொசுவத்திச் சுருளும் உள்ள வேண்டாம், வலை கட்டுங்க.

பந்திக்கட்டு
ஜனவரி 18, காலை 7.45

தங்கச்சி, ராத்திரி பூரா யோசிச்சேன். அந்த ரயில் பெட்டி எரிஞ்ச அன்னிக்கு நான் ரயில்வே காலனிப் பக்கம் ஒரு வேலையில இருந்தவன். புகையைக் கண்ணால பார்த்தேன். பார்த்துட்டும் அதையும் என் வேலையையும் ஒண்ணாச் சேர்த்து நினைக்கல. நான் முதல்ல சொன்னதை எடுத்துக்காதீங்க தம்பி.

சமையல் வெளியில, டிரெய்லர்ல இருந்து பத்தடியாவது தள்ளி, காத்துக்கு மறைப்பு வச்சுச் செய்யுங்க. 5 கிலோ சிலிண்டர் தாராளம். நிமிர்த்தித்தான் வைக்கணும், படுக்க வைக்கக் கூடாது. ஓட்டும்போது ரெகுலேட்டரைக் கழட்டி மூடி போட்டிருக்கணும். டியூப் ஐ.எஸ்.ஐ. முத்திரையோட இருக்கட்டும், அதுல அச்சடிச்ச வருசம் தாண்டக் கூடாது. மாட்டினதும் சோப்பு நுரை தடவிப் பார்க்கணும், தீக்குச்சி கொளுத்திப் பார்க்கவே கூடாது. கசிவுன்னு தோணுனா 1906. அம்மாவுக்கு வெந்நியை சாயங்காலமே ரெண்டு ஃபிளாஸ்க்ல ஊத்தி உள்ள வச்சிருங்க, விடியுற வரைக்கும் சூடா இருக்கும்.

விறகு மூட்டிப் பொங்கல் வைக்கிறவங்களுக்கும் ஒரு வார்த்தை. மாசியில காடு காஞ்சு கிடக்கும். 2018 மார்ச்ல குரங்கணி மலையில தீக்குள்ள 23 உயிர் போச்சு, மறக்க முடியாது. அடுப்பைச் சுத்தி ரெண்டு கெசம் புல்லைச் செதுக்கிட்டுப் பத்த வைங்க. முடிஞ்சதும் தண்ணி ஊத்திக் கிளறி, மறுபடி ஊத்துங்க.

பழைய வயர்மேன்
ஜனவரி 19, காலை 10.00

கரண்ட் எங்கிருந்து எடுக்கப் போகிறீர்கள் என்று யாருமே கேட்கவில்லையே?

செக்கானூரணி மகன்
ஜனவரி 19, பகல் 1.20

கோயில்ல சீரியல் செட், மைக் செட்டுக்கு ஜெனரேட்டர் வரும்ங்கய்யா. பந்தல்காரர் ஒரு வயர் இழுத்துத் தர்றேன்னார்.

பழைய வயர்மேன்
ஜனவரி 19, மாலை 5.35

அதை எதிர்பார்த்துத்தான் கேட்டேன். பந்தல் வயர் பெரும்பாலும் ரெண்டு கம்பிதான், எர்த் இருக்காது. டிரெய்லருக்கு உடம்பு முழுக்க இரும்பும் அலுமினியமும். அது ரப்பர் டயர் மேல நிற்கிறது, தரையோடு தொடர்பு இல்லை. உள்ளே எங்காவது ஒரு வயர் உரசி உடம்பைத் தொட்டால், வண்டி முழுக்க 230 வோல்ட் ஏறி நிற்கும். உள்ளே இருப்பவருக்கு ஒன்றும் தெரியாது. வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்று கதவுக் கைப்பிடியைப் பிடிப்பவருக்குத்தான் அடிக்கும். உங்கள் அம்மா ராத்திரி அப்படித்தானே ஏறி இறங்குவார்கள்?

எங்கள் பக்கத்து ஊர்க் கொடையில் இப்படி ஒரு வேனில் பதினாலு வயதுப் பையனுக்கு அடித்தது. பக்கத்தில் நின்றவர் செருப்புக் காலோடு, காய்ந்த கம்பால் தட்டிவிட்டதால் பிழைத்தான். அன்றைக்கு இணைப்பு கொடுத்தவன் நான்தான். எர்த் இல்லாமல் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒரு இடத்திலும் அப்படிக் கொடுத்ததில்லை.

வேண்டியவை இவை. டிரெய்லருக்குள் கரண்ட் நுழையும் இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். மின்கசிவு ஏற்பட்ட நொடியில் கரண்டை வெட்டிவிடும் கருவி அது. அதில் இருக்கும் டெஸ்ட் பொத்தானை ஒவ்வொரு தடவை இணைத்ததும் அமுக்கிப் பாருங்கள். வயர் மூன்று கம்பி, 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு. சுருளில் சுற்றியபடியே பயன்படுத்தாதீர்கள், சூடாகி உருகும், முழுக்க அவிழ்த்து விடுங்கள். வருகிற இடத்தில் எர்த் இல்லையென்றால் டிரெய்லர் பக்கத்திலேயே ஒரு எர்த் கம்பி அடித்து, தண்ணீர் ஊற்றி, வண்டி உடம்போடு இணைக்க வேண்டும். இதை ஒரு எலக்ட்ரீசியன் கையால் செய்யுங்கள். கழற்றும்போது முதலில் மெயினை அணையுங்கள், பிறகுதான் பிளக்.

உண்மையைச் சொன்னால் உங்களுக்கு அந்தக் கரண்டே வேண்டியதில்லை. 12 வோல்ட், 150 ஆம்பியர் மணி என்றால் 1800 வாட் மணி. ஈய பேட்டரியில் பாதிக்கு மேல் எடுத்தால் ஆயுசு குறையும், ஆக 900. பி.எல்.டி.சி. என்ற கரண்ட் குறைவாக எடுக்கும் மின்விசிறி 28 வாட், பத்து மணி நேரத்துக்கு 280. எல்.இ.டி. விளக்குகள் 50. இன்சுலினுக்கு 12 வோல்ட் சின்ன ஃப்ரிட்ஜ் வைத்தால் ஒரு நாளுக்கு 400, 450. ஒரு நாள் தாராளமாகத் தாங்கும். மறுநாளைக்குக் கூரையில் ஒரு சோலார் பலகை இருந்தால் போதும். ஏ.சி. மட்டும் நினைக்காதீர்கள், இந்த பேட்டரி ஒரு மணி நேரம்கூட ஓட்டாது. மாசியில் அது தேவையும் இல்லை. பேட்டரி ஈய பேட்டரிதானே? சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் விடும். அது இருக்கும் பெட்டிக்கு வெளிப்பக்கம் காற்றுத் துளை இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்.

மீனாட்சி பேத்தி
ஜனவரி 19, இரவு 9.00

இன்சுலினுக்கு ஃப்ரிட்ஜ் நல்லதுதான், ஆனா அது நின்னுபோனாப் பதற வேண்டாம். பிரிச்சுப் பயன்படுத்துற இன்சுலின் 30 டிகிரிக்குள்ள நாலு வாரம் வரைக்கும் தாங்கும். பிரிக்காததுதான் 2ல இருந்து 8 டிகிரியில இருக்கணும். உறைஞ்சுபோனா எதையும் பயன்படுத்தக் கூடாது, ஐஸ் கட்டியோட நேரா ஒட்டி வைக்காதீங்க. பகல்ல அந்தக் காட்டுல 30ஐத் தாண்டும், டிரெய்லர் சாத்தியிருந்தா இன்னும் மேல. ஈரத்துணி சுத்தின மண்பானைக்குள்ள, தண்ணி படாத டப்பாவுல வச்சாக்கூட நல்லாத் தணிவா இருக்கும். கையோட சர்க்கரை மிட்டாயும் வச்சுக்கங்க. கோயில் பரபரப்புல சாப்பாடு தள்ளிப்போகும்.

கணவாய்க்காத்து
ஜனவரி 22, இரவு 8.40

நான் தேனிக்காரன். மூணு வருசமா டிரெய்லர் வச்சிருக்கேன். போய்ச் சேர்ந்த பிறகு நடக்கிறதை மட்டும் சொல்றேன்.

கரிசல் மண்ணுன்னீங்க. காஞ்சிருக்கும்போது கல்லு மாதிரி இருக்கும், ஒரு மழை விழுந்தா முழங்கால் வரைக்கும் வாங்கும். மாசியில மழை அபூர்வம்தான், ஆனா கிணத்தடியில தண்ணி ஓடுற பக்கம் நிறுத்திராதீங்க. சக்கரத்துக்கு அடியிலயும் ஜாக்கிகளுக்கு அடியிலயும் தேக்குச் சட்டமோ பழைய பலகையோ போடுங்க. புளியமரம் நிழல்னு கிளைக்கு நேர் கீழே போகாதீங்க, பட்ட கிளை இருக்கான்னு அண்ணாந்து பாருங்க.

வரிசை முக்கியம். முதல்ல இடம் வலம் சமமா இருக்கணும், தாழ்ந்த பக்கச் சக்கரத்தைப் பலகை மேல ஏத்திச் சரி பண்ணுங்க. அடுத்து ரெண்டு சக்கரத்துக்கும் முன்னும் பின்னும் கட்டை. அதுக்கப்புறம்தான் காரைக் கழட்டணும். கழட்டின பிறகு முன் ஜாக்கியால முன்னும் பின்னும் மட்டம் பார்க்கணும். கடைசியா நாலு மூலைக் கால்களை இறக்கணும். அந்தக் கால்கள் ஆட்டத்தை நிறுத்தத்தான், எடையைத் தாங்கத் தெரியாது. அதை வச்சு வண்டியைத் தூக்கினா சட்டம் வளையும். நான் முதல் தடவை கட்டை போடாம கழட்டிட்டேன். வண்டி பத்தடி உருண்டு வரப்புல முட்டி நின்னுச்சு. வரப்புக்கு அந்தப் பக்கம் என் மகள் விளையாடிக்கிட்டு இருந்தா. அன்னிக்கு இருந்து கட்டையை என் கையால போட்டு, கையால தட்டிப் பார்க்காம கொக்கியைத் தொடுறதில்ல.

வெளியில விரிக்கிற பந்தலை ராத்திரி படுக்கும்போது சுருட்டிருங்க. ஆடியில எங்க பக்கம் அடிக்கிற காத்துக்கு ரெண்டு பந்தல் பறிகொடுத்திருக்கேன். மாசியில அவ்வளவு இல்ல, ஆனாலும் உங்க கூரை மேல வந்து விழுந்தா அம்மா அலறிருவாங்க.

தீயணைப்பான் 2 கிலோ ஏ.பி.சி. பொடி, வாசலுக்குப் பக்கத்துல. அடுப்புப் பக்கம் வச்சா எடுக்கவே முடியாது. கதவுக்கு எதிர்ப்பக்க ஜன்னல் முழுசாத் திறக்குமா? அம்மாவால முடியாதுன்னா ராத்திரி உள்ள கூட ஒருத்தர் படுக்கணும். கதவை உள்ளேயே பூட்டிச் சாவியைத் தலையணைக்கு அடியில வைக்கிற பழக்கம் வேண்டாம், வெறும் தாழ்ப்பாள் போதும்.

கீழக்குயில்குடி
ஜனவரி 23, காலை 11.15

இதே மாதிரி ஒண்ணு வாங்கிச் சிறுமலை, கொடைக்கானல் போகலாமாண்ணே? வைகை ஆத்து மணல்ல நிறுத்தித் தங்கலாமா?

கணவாய்க்காத்து
ஜனவரி 23, பகல் 1.05

சிறுமலைக்கு 18 கொண்டை ஊசி வளைவு. டிரெய்லர் உள்பக்கமாத்தான் வெட்டித் திரும்பும், எதிர்ல பஸ் வந்தா பின்னால எடுக்கணும். புதுசா ஓட்டுறவங்களுக்கு வேண்டாம்னுதான் சொல்லுவேன். கொடைக்கானலுக்கு 2024 மே மாசத்துல இருந்து இ-பாஸ் வேணும். இறக்கத்துல பிரேக் சூடாகிப் பிடிக்காமப் போறதுதான் பெரிய ஆபத்து, ஏறின கியர்லயே இறங்கணும். காப்புக்காட்டுல வனத்துறை அனுமதி இல்லாம எங்கயும் தங்க முடியாது.

ஆத்துக்குள்ள தங்கவே தங்காதீங்க. வைகை அணை 66 அடி ஆனா முதல் வெள்ள எச்சரிக்கை, 68.5க்கு ரெண்டாவது, 69க்கு மூணாவது. இங்க மழையே இல்லாட்டியும் மேல பெஞ்சது ராத்திரியில வந்து சேரும். கண்மாய் உள்வாயும் அதே மாதிரிதான்.

செக்கானூரணி மகன்
பிப்ரவரி 19, இரவு 10.10

போயிட்டு முந்தாநாள் மதியம் வந்து சேர்ந்தோம். உங்க எல்லார்கிட்டயும் சொல்லணும்னு கை துடிச்சுக்கிட்டே இருந்துச்சு.

கிளம்புறதுக்கு முன்னால கொக்கியைப் பூட்டிட்டு, லாரிப்பட்டறை அண்ணன் போன்ல சொன்ன மாதிரி முன் ஜாக்கியை ஏத்திப் பார்த்தேன். காரோட பின்பக்கம் சேர்ந்து எழும்புச்சு, பூட்டு விழுந்திருக்குன்னு தெரிஞ்சுச்சு. சங்கிலி ரெண்டையும் அடியில குறுக்கே போட்டேன். திருமங்கலம் தாண்டி டீக்கடையில நிறுத்தி சக்கர நட்டை மறுபடி இறுக்கினப்ப இடது சக்கரத்துல ஒண்ணு கால் சுத்து இறங்குச்சு. சக்கரக் குடத்துக்கிட்ட கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன், ரெண்டு பக்கமும் ஒரே சூடு.

நான் யோசிக்காம விட்டது உயரம். ஊர் எல்லையில திருவிழாவுக்கு மூங்கில் வளைவு கட்டியிருந்தாங்க, அதுக்கு அடுத்து தாழ்வா ஒரு மின்கம்பி. டிரெய்லர் எவ்வளவு உயரம்னு எனக்கே தெரியல. இறங்கிச் சாட்டைக்கம்பால அளந்து பார்த்து, வளைவு பத்தாதுன்னு தெரிஞ்சு, ஓடைப் பாதையில சுத்திப் போனோம். அங்க பின்னால எடுக்க வேண்டி வந்துச்சு. ஸ்டியரிங்கோட அடிப்பக்கத்துல கை வச்சு, பின்பக்கம் எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துனாப் போதும்னு பழகியிருந்ததால நாலாவது முயற்சியில முடிஞ்சுச்சு. சித்தப்பா மகன் பின்னால நின்னு பார்த்தான். இப்ப 2.6 மீட்டர்னு எழுதி ஸ்டியரிங் பக்கத்துல ஒட்டியிருக்கேன்.

பந்தல்காரர் வயரை வாங்கல. பேட்டரியும் சோலாரும் போதுமா இருந்துச்சு. வயர்மேன் ஐயா, பேட்டரிப் பெட்டியில காத்துத் துளையைப் பழைய ஆள் டேப் போட்டு அடைச்சு வச்சிருந்தார். நீங்க சொல்லலைன்னா பார்த்திருக்க மாட்டேன்.

முதல் ராத்திரி சரியான பனி. என் வீட்டுக்காரி அம்மாகூடப் படுத்தா. போக்கியும் ஜன்னலும் திறந்தே இருந்துச்சு, ரெண்டு கம்பளி. நடுராத்திரி வரைக்கும் அம்மா சாமிகிட்டத்தான் உட்கார்ந்திருந்தாங்க. அப்புறம் வந்து படுத்து, மூணு தடவை எந்திரிச்சிருக்காங்க, யாரையும் எழுப்பல. பங்காளி வீட்டுப் பெரியவங்க ரெண்டு பேர் "எங்களையும் கொஞ்சம் உள்ள போயிட்டு வர விடுப்பா"ன்னு கேட்டாங்க. வயசான பொம்பளைகளுக்குக் காட்டுக் கோயில்ல இது எவ்வளவு பெரிய கஷ்டம்னு அன்னிக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. கழிவுத் தொட்டி 20 லிட்டர், கோயில் இடத்துலயோ ஓடையிலயோ திறக்கல, வீட்டுக்குக் கொண்டுவந்து கக்கூஸ்ல ஊத்திக் கழுவினேன்.

டிரெய்லரோட வந்த இரும்புப் படி ஆடுச்சு. கிளம்புறதுக்கு ரெண்டு நாள் முன்னால தச்சர்கிட்ட மரப்படி செஞ்சேன். அம்மாவுக்கு அதுதான் ரொம்பப் பிடிச்சுப்போச்சு.

மீனாட்சி பேத்தி
பிப்ரவரி 20, காலை 6.30

படிச்சதும் மனசு நிறைஞ்சுபோச்சு. அந்தப் படியோட அளவு தர முடியுமா? எங்க மாமியாருக்கு வேன்ல ஏற இதே மாதிரி வேணும்.

செக்கானூரணி மகன்
பிப்ரவரி 20, காலை 8.05

தரையில இருந்து டிரெய்லர் தளம் 54 சென்டிமீட்டர்க்கா. அதனால ரெண்டு படி, ஒவ்வொண்ணும் 18 உயரம், கடைசி 18 உள்ள ஏறுறதுக்கு. பாதம் முழுசா வைக்க 30 ஆழம், ரெண்டு பேர் சேர்ந்து நிக்க 75 அகலம். வேங்கை மரம். அடியில நாலு மூலையிலயும் டயர் ரப்பர் அடிச்சிருக்கு. வலது பக்கம் ஒரு கைப்பிடிக் கம்பு, அதோட அடிப்பாகம் படியோடயே சேர்த்துப் போல்ட் போட்டது. ராத்திரி தெரியணும்னு ஓரத்துல வெள்ளை பெயிண்ட். தச்சர்கிட்ட உங்க வேன் தளத்தோட உயரத்தை அளந்து, மூணால வகுத்துச் சொல்லுங்க. படம் சாயங்காலம் போடுறேன்.